நாவலைப் படித்தவளோடு உட்கார்ந்து ஹங்கர் கேம்ஸ் பார்த்தபோது

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அக்கா மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டாள்.

"சித்தி, பட்டர்கப் மஞ்சளா இருக்கணும். இது கறுப்பும் வெள்ளையுமா இருக்கு."

அவள் சொன்னது சரிதான். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் 2008இல் வந்தது. வருடா வருடம் மாவட்டங்களிலிருந்து குலுக்கலில் எடுத்த பிள்ளைகளைக் காட்டில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவைத்து, தலைநகரமான கேப்பிட்டல் அதைத் தொலைக்காட்சியில் ரசிக்கும் கதை. அதில் கதாநாயகி காட்னிஸின் வீட்டுப் பூனை பட்டர்கப் அழுக்கு மஞ்சள். 2012இல் கேரி ராஸ் இயக்கிய படத்தில் கறுப்பு வெள்ளை. அடுத்த வருடம் வந்த இரண்டாம் படத்தில் இயக்குநரும் மாறினார், பூனையும் மாறியது. ஆனால் பூனைக்கே படத்தை நிறுத்தினால் 142 நிமிடப் படம் விடிய விடிய ஓடும். ஒரு தாளையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்து, "எது சரியில்லன்னு தோணுதோ அதை ஒரே வார்த்தையில எழுதிக்கோ. முடிஞ்சப்புறம் பேசலாம்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

புத்தகம் படித்தவர்களோடு படம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் இந்தத் தாள் வழியைத்தான் சொல்வேன். குறை சொல்லாதே என்று வாயை அடைத்தால் அது மனதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், படத்தில் கண் நிற்காது. எழுதி வைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடுகிறது. இவளோ முந்தின நாள் இரவுதான் நாவலைப் படித்து முடித்திருந்தாள். அதனால் ஒவ்வொரு காட்சியையும் மனதிலிருந்த பக்கத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். நான் படித்துப் பல வருடம் ஆகிவிட்டதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நாவலுக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமாவது விடுவது நல்லது. பூனையின் நிறம் மறந்து, நாவலில் உண்மையில் எது நம்மை உலுக்கியதோ அது மட்டும் மிஞ்சியிருக்கும். அதை வைத்துப் படத்தைக் கேள்வி கேட்டால் கேள்விக்கே ஒரு கனம் வரும்.

என்னிடம் அப்படி மிஞ்சியிருந்தது ஒன்றுதான். நாவல் முழுக்க காட்னிஸ் 'நான்' என்று, இப்போது நடப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறாள். அவள் பார்க்காத எதையும் நாமும் பார்ப்பதில்லை. கண் விழித்ததும் கட்டிலின் மறுபக்கம் சில்லிட்டிருக்கிறது, தங்கை பிரிமைத் தேடி விரல்கள் நீள்கின்றன. கதை அங்கேதான் தொடங்குகிறது. படம் தொடங்குவதோ தொலைக்காட்சிப் பேட்டியில். பளபளக்கும் உடையில் சீசர் ஃப்ளிக்கர்மேன், எதிரே வித்தியாசமாகச் செதுக்கிய தாடியோடு விளையாட்டுகளின் தலைமை அமைப்பாளர் செனிகா கிரேன். இருவரும் பதவிசாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமியின் அலறல் குறுக்கே வெட்டுகிறது. அப்புறம்தான் 12ஆம் மாவட்டத்து வீடு.

இந்த ஒரு வெட்டைக் கவனித்துவிட்டால் மீதிப் படம் தானாகப் புரியத் தொடங்கும். நாவலில் நாம் கேமராவுக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்குள் இருக்கிறோம். படத்தில் கேமராவுக்குப் பின்னால், கேப்பிட்டல் நகரத்து ரசிகர்களின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம். பாத்திரங்களில் யார் விடுபட்டார், எந்தக் காட்சி போயிற்று என்பதெல்லாம் இதற்கு அடுத்துதான் வரும்.

நாவலில் காட்னிஸ் ஒரு மரத்தில் இரவைக் கழிப்பாள். கீழே பலசாலிப் போட்டியாளர்களின் கூட்டம், அவர்களோடு அவளுடைய மாவட்டத்துப் பையன் பீட்டா. அவளுக்கு அதிர்ச்சி. ஆனால் விடிந்து, இலைகளுக்குள்ளிருந்து வெளியே வரும்போது, கேமராக்கள் தன்மேல் திரும்ப ஒரு நொடி அவகாசம் கொடுத்து, தலையை லேசாகச் சாய்த்து, எல்லாம் தெரிந்தவள்போல் ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். உள்ளே ஒன்றும் தெரியாது. பார்க்கிற பணக்காரர்களுக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டால் உதவிப் பொருள் அனுப்ப மாட்டார்கள், அதற்காக அந்தச் சிரிப்பு. பார்க்கப்படுவதே பிழைக்கும் வழியாகிவிட்ட ஒரு பெண் எப்படி யோசிப்பாள் என்று இதைவிடக் கச்சிதமாகச் சொல்வது கஷ்டம். படத்தில் ஜெனிஃபர் லாரன்ஸ் எவ்வளவு நன்றாக நடித்தாலும் இந்தக் கணக்கு நமக்குத் தெரிய வழியில்லை. பின்னணிக் குரலில் அவள் மனதைச் சொல்லவைக்கும் வழியையும் இயக்குநர் எடுக்கவில்லை. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் விலை இருக்கிறது.

அந்த விலை அதிகம் தெரிவது குகைக் காட்சியில். காயம்பட்ட பீட்டாவோடு குகையில் இருக்கும்போது காட்னிஸ் முத்தம் கொடுக்கிறாள், வானத்திலிருந்து சூப் வருகிறது. நாவலில் அதோடு சீட்டு எதுவும் வராது. அவளுக்கு வழிகாட்டியான ஹேமிட்ச் எதை எப்போது அனுப்புகிறார், எப்போது அனுப்பாமல் இருக்கிறார் என்பதை வைத்தே அவர் சொல்லவருவதை அவள் ஊகிக்க வேண்டும். படத்தில் அந்தப் பாத்திரத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் வருகிறது: இதெல்லாம் ஒரு முத்தமா என்கிற மாதிரி ஒரு நக்கல். தியேட்டரில் சிரிப்பு வரவைக்கும் இடம்தான். ஆனால் சொல்லாமலே ஒருவரையொருவர் படித்துக்கொள்ளும் இரண்டு பிடிவாதக்காரர்களின் உறவு அங்கே ஒரு வரி வசனமாகச் சுருங்கிவிட்டது. அக்கா மகள் தாளில் 'சீட்டு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

காட்னிஸ் காதலிப்பதாக நடிக்கிறாளா, உண்மையிலேயே பிரியம் வந்துவிட்டதா என்பது நாவலில் அவளுக்கே தெளிவாகத் தெரியாது. படம் மட்டும் பார்த்தவர்கள் பலர் இதை ஒரு காதல் கதையாகவே எடுத்துக்கொள்வது அதனால்தான். யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் பார்த்த படத்தில் அப்படித்தான் இருக்கிறது. கேப்பிட்டல் மக்களும் அப்படித்தானே நம்பினார்கள்!

படம் இழந்ததையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. காட்னிஸின் தலையை விட்டு வெளியே வந்ததால் படத்துக்குக் கிடைத்தவையும் உண்டு. கட்டுப்பாட்டு அறை நாவலில் கிடையாது. வெள்ளை உடுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், நடுவே காட்டின் ஒளி வரைபடம். ஒருவர் சொல்ல, இன்னொருவர் கையசைக்க, காட்டில் தீ கிளம்புகிறது. யார் முகத்திலும் வன்மம் இல்லை, அலுவலக வேலை பார்க்கும் முகம்தான். எனக்கு அதுதான் படத்திலேயே அதிகம் பயமுறுத்திய இடம். குளவி விஷத்தைப் பற்றி நாவலில் காட்னிஸ் நமக்கு விளக்குவாள். படத்தில் அந்த வேலையைச் சீசர், கிரிக்கெட் வர்ணனைபோல உற்சாகமாகச் செய்கிறார். கதைக்கு வேண்டிய தகவலும் வந்துவிட்டது, அதைச் சொல்கிறவனின் குரூரமும் வந்துவிட்டது.

பெயர் குலுக்கல் காட்சியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. நாவலில் நகரத் தலைவர் பானெம் நாட்டின் வரலாற்றை வாசிப்பார். படத்தில் பெரிய திரையில் அரசின் பிரச்சாரப் படம் ஓடுகிறது. கூட்டம் அசையாமல் நிற்க, மேடை ஓரத்தில், பெயர் எடுக்கக் கேப்பிட்டலிலிருந்து வந்த எஃபி மட்டும் அந்த வசனத்துக்குத் தன் உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை வருடமாகக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும்! அவள் கொடுமைக்காரி இல்லை, அவளுக்கு நிஜமாகவே அது பிடித்திருக்கிறது. சில நொடிதான் வரும், ஆனால் ஒரு பக்க விவரிப்பு செய்யும் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. முதல் முறை எனக்கே கண்ணில் படவில்லை. இப்படிப்பட்ட படங்களை இரண்டாம் முறை பார்க்கும்போது கதாநாயகியை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள்.

அப்புறம் ரூ. 11ஆம் மாவட்டத்திலிருந்து வந்த 12 வயதுச் சிறுமி. அவள் இறந்ததும் காட்னிஸ் உடலைச் சுற்றிப் பூ வைக்கிறாள். நாவலில் அதற்குப் பதிலாக 11ஆம் மாவட்டத்து ஏழைகள் காசு சேர்த்து அவளுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். படிக்கும்போது தொண்டை அடைத்தது அந்த ரொட்டிக்குத்தான். படத்தில் ரொட்டி இல்லை. காட்னிஸ் மூன்று விரலை உயர்த்த, திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் 11ஆம் மாவட்டத்து மக்களும் உயர்த்துகிறார்கள், அடுத்த நொடி கலவரம். ரொட்டி போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சைகையைப் படம் கண்ணுக்குக் கொடுத்ததால்தான் அது புத்தகத்தை விட்டு வெளியே நடந்துபோயிற்று என்று நினைக்கிறேன். 2014இல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் அதே மூன்று விரலை உயர்த்தினார்கள். 2021இல் மியான்மரிலும் அதைப் பார்த்தோம்.

ரூவைப் பற்றி இன்னொன்று. படம் வந்த சமயத்தில், கறுப்பினப் பெண்ணை அந்த வேடத்தில் போட்டது நாவலுக்கு விரோதம் என்று சிலர் ட்விட்டரில் பொங்கினார்கள். நாவலைத் திறந்தால் ரூவுக்கு அடர்ந்த பழுப்பு நிறத் தோல் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத் தங்கள் மனதுக்குத் தோன்றிய முகத்தை ஒட்டிக்கொண்டவர்கள் அவர்கள். படம் தப்பாக எடுத்திருக்கிறது என்று சொல்லுமுன் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவது மானத்தைக் காப்பாற்றும்.

வன்முறைக்கு வருகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அமெரிக்காவில் இது பிஜி-13 சான்றிதழ் பெற்ற படம். பிரிட்டனில் 12ஏ சான்றிதழுக்காக 7 நொடிகளை வெட்டினார்கள். சிறுவர்கள் சிறுவர்களைக் கொல்லும் கதையை அந்தச் சிறுவர்களே பார்க்கும்படி எடுக்க வேண்டும் என்ற சிக்கலுக்கு இயக்குநர் கண்டுபிடித்த வழி, கேமராவை உலுக்குவது. ஆயுதக் குவியலுக்காக எல்லோரும் ஓடும் முதல் மோதலில் யார் யாரைக் குத்தினார் என்றே தெரியாது. எனக்குத் தலை சுற்றியது. பயணத்தில் குமட்டல் வரும் உடம்பாக இருந்தால் தியேட்டரில் பின் வரிசையில் உட்காருங்கள், வீட்டில் என்றால் விளக்கைப் போட்டுக்கொண்டு தள்ளி உட்காருங்கள்.

ஆனால் படம்தான் கொடூரம், புத்தகம் பரவாயில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசியில் கேட்டோ என்ற போட்டியாளன் மிருகங்களிடம் சிக்குவது படத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. நாவலில் அது ஒரு ராத்திரி முழுக்க நீள்கிறது. அந்த மிருகங்களுக்கு இறந்த போட்டியாளர்களின் கண்கள் வேறு. படத்தில் அது கிடையாது. பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் படத்துக்கு மட்டும் தயங்குவது தலைகீழ்.

இவளுக்கு 13 வயது. ரத்தம் அவளைப் பாதிக்கவில்லை. க்ளோவ் என்ற பெண் காட்னிஸைக் கீழே தள்ளி, கத்தியை வைத்துக்கொண்டு ரூவின் சாவைச் சொல்லிக் கேலி செய்கிறாளே, அப்போது ரூவின் மாவட்டத்துப் பையன் த்ரெஷ் வந்து க்ளோவைத் தூக்கி அடிக்கிறான். அக்கா மகள் "சூப்பர்!" என்று கையைத் தட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கேட்டாள்.

"சித்தி, அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு இருக்கும்?"

"12லருந்து 18க்குள்ள. அதானே விதி."

"என் வயசுகூட இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

அந்த நேரத்தில் பெரியவர்கள் பாடம் எடுக்கத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். பார்த்தாயா, நீயும் கேப்பிட்டல் ஆளாகிவிட்டாய் என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். படம் முடிந்தபோது தாளில் க்ளோவ் பெயரும் இருந்தது, எதிரே எதுவும் எழுதாமல்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பேசினோம். பாதி பூனை ரகம்தான், சிரித்துவிட்டுக் கடந்தோம். 'பின்' என்று ஒன்று இருந்தது. மாக்கிங்ஜே என்ற பறவையைப் பொறித்த, சட்டையில் குத்தும் அந்த பின்னை நாவலில் காட்னிஸுக்குக் கொடுப்பவள் நகரத் தலைவரின் மகள் மேட்ஜ். படத்தில் மேட்ஜே இல்லை. கள்ளச்சந்தைக் கிழவி ஒருத்தியிடமிருந்து காட்னிஸுக்குக் கிடைக்கிறது. இதுவும் பூனை ரகம் என்றுதான் தோன்றியது. ஆனால் மேட்ஜோடு சேர்ந்து என்ன போயிற்று என்று இவள் விளக்கிய பிறகு, படத்தின் பெரிய இழப்பே இதுதானோ என்று ஆகிவிட்டது.

நாவலில் குலுக்கல் நாளன்று மேட்ஜ் விலையுயர்ந்த வெள்ளை உடையில் நிற்கிறாள். காட்னிஸின் நண்பன் கேல் அதைப் பார்த்துக் குத்திக்காட்டுகிறான்: உனக்கு என்ன, அஞ்சு சீட்டு இருக்குமா? எனக்குப் 12 வயதிலேயே ஆறு. இந்த ஆறு எப்படி வந்தது? 12 வயதில் எல்லோருக்கும் ஒரு சீட்டு, வருடத்துக்கு ஒன்று கூடும், 18 வயதில் ஏழு. பசியில் வாடும் வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் சீட்டு போட்டுக்கொள்ளலாம். ஒரு சீட்டுக்கு ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் ஒவ்வொருவருக்காகவும் இப்படி வாங்கலாம், போட்ட சீட்டுகள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். கேல் வீட்டில் 5 பேர். 7 வருடத்தில் 35, அவனுடைய சொந்தச் சீட்டு 7, ஆக 42. காட்னிஸுக்கு 16 வயது, வீட்டில் 3 பேர்: 15ம் 5ம் 20. பிரிமை ஒரு கூடுதல் சீட்டுகூடப் போட அவள் விடவில்லை. பிரிமுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. குலுக்கலில் வந்தது அதுதான், அவளுக்குப் பதிலாகத்தான் காட்னிஸ் போட்டிக்குப் போனாள்.

படத்தில் கேல் 42 என்று சொல்கிறான், எப்படி என்று சொல்வதில்லை. விடைபெறும் காட்சியில் பிரிமிடம் கூடுதல் உணவு வாங்காதே, பெயர் அதிகம் சேரும் என்று காட்னிஸ் அவசரமாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். குலுக்கல் எல்லோருக்கும் பொது என்று காட்டிக்கொண்டே ஏழைப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அந்தத் தந்திரம், ஏழையையும் கொஞ்சம் வசதியானவனையும் மோதவிட்டுவிட்டுத் தலைநகரம் நிம்மதியாக இருக்கும் தந்திரம், திரையில் ஓர் எண்ணாக வந்து போய்விடுகிறது. நாங்கள் தாளின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். இந்த வகைக் கதைகளில் அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பது இப்படிப்பட்ட சின்ன விதிகளில்தான் ஒளிந்திருக்கும். படம் முடிந்ததும் பிள்ளைகளோடு ஏதாவது ஒன்று செய்ய வேண்டுமென்றால் அந்த விதியைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' பார்த்தோம். 1993இல் வந்த நாவல், படம் 2014இல். அதை நான் படித்திருக்கிறேன், அவள் படிக்கவில்லை. அந்த ஊரில் யாருக்கும் நிறமே தெரியாது என்பது நாவலில் ரொம்பத் தாமதமாகத்தான் நமக்கு உறைக்கும். ஒரு ஆப்பிள் காற்றில் பறக்கும்போது என்னவோ மாறுகிறது என்று மட்டும் கதாநாயகன் ஜோனாஸ் சொல்வான். எழுத்தில் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் யாரும் கவனிப்பதில்லை, அந்த வசதி திரைக்குக் கிடையாது. படம் முதல் காட்சியிலேயே கறுப்பு வெள்ளையில் வந்து ரகசியத்தை உடைத்துவிடுகிறது. வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 12 வயதுப் பையனைப் பெரிய பையனாக்கியதற்கும் கடைசியில் துரத்தல் வைத்ததற்கும் அந்தச் சாக்கு செல்லாது. இப்படிப்பட்ட ரகசியம் உள்ள நாவல் என்றால் புத்தகம்தான் முதலில். ஹங்கர் கேம்ஸ் மாதிரி என்றால் எதை முதலில் எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

தொடராக வரும் படங்களில் இறங்குமுன் தொடர் முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'டைவர்ஜென்ட்' வரிசையில் கடைசி நாவலை இரண்டாக உடைத்தார்கள். 2016இல் வந்த முதல் பாதி ஓடவில்லை, மறுபாதியை எடுக்கவே இல்லை. முடிவு வேண்டுமானால் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது அவளுக்கு 'தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' வேண்டுமாம். பானெம் நாட்டு அதிபர் ஸ்னோவின் இளமைக் கதை, நாவல் 2020, படம் 2023. இதில் 'நான்' இல்லை, 'அவன்' என்றுதான் காலின்ஸ் எழுதியிருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு அயோக்கியத்தனத்துக்கும் ஸ்னோ தனக்குத்தானே நியாயம் கற்பித்துக்கொள்வது நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். படத்தில் அந்தக் குரல் போய்விட்டதால் ரொம்ப நேரம் அவன் நல்ல பையனாகவே தெரிகிறான். படம் பார்த்து ஏமாந்துவிட்டு அப்புறம் நாவலைப் படித்தால் நன்றாக இருக்கும் என்றேன். "இல்ல சித்தி, முதல்ல படிச்சிடறேன், அவன்கிட்ட நான் ஏமாற மாட்டேன்" என்கிறாள். புத்தகம் பெரியது, விடுமுறை வரட்டும் என்று விட்டிருக்கிறோம்.